மென்பொருள் அறிவிப்பு வரவில்லையா? எங்கே நின்றது என்று தேடும் வழி

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு ஒரு மின்-விலைப்பட்டியல் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கப்பட்டுச் செல்லுபடியாகிறது. ஒரு மணி நேரத்தில், அதைப் பெற்ற செம்பனை ஆலை "டன் கணக்கு தவறு" என்று காரணம் எழுதி, நிராகரிப்புக் கோரிக்கையை அதே தளத்தின் வழி அனுப்புகிறது. விலைப்பட்டியலை அனுப்பிய லாரி நிறுவனத்தில் யாருக்கும் இது தெரியாது. சனி, ஞாயிறு போகிறது. திங்கட்கிழமை எல்லாரும் வேலைக்கு வருகிறார்கள். அன்று மாலை 4 மணியோடு 72 மணி நேரம் முடிந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் ஆலையின் கணக்குப் பிரிவு தொலைபேசியில் அழைத்த பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது.

"ஏன்மா, மென்பொருள்ல வந்திருக்குமே, பார்க்கலையா?" என்று முதலாளி கேட்கிறார்.

"எனக்கு வரவே இல்லண்ணே," என்கிறார் அலுவலகக் கிராணி.

கோல சிலாங்கூர் பக்கம் ஆறு லாரி வைத்துப் பழக்குலை ஏற்றும் ஒரு நிறுவனத்தில் இப்படி நடந்ததாக வைத்துக்கொள்வோம். மாதம் தவறாமல் பணம் கட்டி வாங்கிய வணிக நிர்வாக மென்பொருள். "ஏதாவது நடந்தால் தானாகவே உங்களுக்குச் செய்தி வரும்" என்று விற்றவர் சொல்லித்தான் வாங்கியது. செய்தி வரவில்லை. ஆலை பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. ஓட்டுநர்களின் சம்பளம், லாரித் தவணை எல்லாம் அந்தப் பணத்தை நம்பி இருக்கின்றன. பழி மட்டும் உடனே ஓர் ஆள்மீது விழுந்துவிட்டது.

கிராணி சொன்னது உண்மையாகவே இருக்கலாம். மென்பொருள் அறிவிப்பை அனுப்பியதும் உண்மையாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே அது எங்கோ நின்றுபோயிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்கக் கணினிப் படிப்பு வேண்டியதில்லை. எந்த வரிசையில் தேடுவது என்று தெரிந்தால் போதும்.

72 மணி நேரத்தில் என்ன இருக்கிறது?

மின்-விலைப்பட்டியல் நடைமுறை 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய பெரிய நிறுவனங்களிடமிருந்து தொடங்கியது. பிறகு கட்டங்கட்டமாகக் கீழே இறங்கி, 2026 ஜனவரி 1 முதல் 1 மில்லியனுக்கும் 5 மில்லியனுக்கும் இடைப்பட்ட விற்பனை உள்ளவர்களுக்கும் வந்துவிட்டது. நம் சமூகத்தில் லாரி, குத்தகை வேலை, உணவு விநியோகம், மொத்த மளிகை என்று தொழில் செய்யும் பலர் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள்.

விலைப்பட்டியலை மைஇன்வோய்ஸ் தளத்துக்கு அனுப்பியதும் அது சரிபார்க்கப்படுகிறது. சரியாக இருந்தால் அதற்கு ஒரு தனி அடையாள எண் கிடைக்கும். அந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் வாங்குபவர் நிராகரிக்கக் கோரலாம். விற்பவர் அதை ரத்து செய்யலாம். சனி ஞாயிறுக்கு இதில் கழிவு இல்லை. நேரம் கடந்துவிட்டால் ரத்து என்ற பேச்சே கிடையாது. கிரெடிட் நோட், டெபிட் நோட் போன்ற இன்னொரு மின் ஆவணத்தை வெளியிட்டுத்தான் கணக்கைச் சரி செய்ய வேண்டும். தவறு தீரும், ஆனால் வேலை இரட்டிப்பாகும், பணமும் தாமதமாகும்.

நிராகரிப்பைவிட மோசமான ஒன்றும் உண்டு. சரிபார்ப்பிலேயே விலைப்பட்டியல் தேறாமல் "செல்லாதது" என்று திரும்பிவிடலாம். அப்படித் திரும்பியதை யாரும் கவனிக்காவிட்டால், நிறுவனம் விலைப்பட்டியல் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும். வாரியத்தின் பார்வையில் அது கொடுக்கப்படவே இல்லை. மின்-விலைப்பட்டியல் வெளியிடத் தவறுவது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 120ஆவது பிரிவின்கீழ் குற்றம். 200 ரிங்கிட்டிலிருந்து 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

ஆகவே "நோட்டிபிகேஷன் வரவில்லை" என்பது இனிச் சின்ன விஷயமல்ல.

பெரட்டுக்குச் சொன்ன செய்தி

தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். நாளைக்கு வேலை மூன்றாம் நம்பர் காட்டில் என்று மானேஜர் முடிவு செய்கிறார். ஆபீஸ் கிராணி எழுதுகிறார். மண்டோர் வாங்கிக்கொள்கிறார். விடியற்காலைப் பெரட்டில் சொல்கிறார். ஒருவர் வேறு காட்டுக்குப் போய் நின்றால், "உனக்குக் காது கேட்காதா?" என்று கேட்பது சுலபம். ஆனால் மானேஜர் முடிவே செய்யவில்லையா, கிராணி எழுத மறந்தாரா, மண்டோர் அன்று லீவா, அந்த ஆள் பெரட்டுக்கே வரவில்லையா என்று வரிசையாகக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

மென்பொருள் அறிவிப்பும் இப்படித்தான் கைமாறிப் போகிறது. முதலில் ஒரு சம்பவம் நடந்ததை மென்பொருள் உணர வேண்டும். இன்னது நடந்தால் இன்னாருக்குச் சொல் என்ற விதி ஓட வேண்டும். யாருக்கு என்பது தீர்மானமாக வேண்டும். செய்தி மின்னஞ்சலாகவோ கைப்பேசிச் செய்தியாகவோ வெளியே கிளம்ப வேண்டும். அந்தப் பக்கத்து அஞ்சல் சேவை அதை ஏற்க வேண்டும். கடைசியில், மனிதக் கண் ஒன்று அதைப் பார்க்க வேண்டும்.

தேடும்போது முதலிலிருந்து தொடங்காமல் நடுவில் தொடங்குவது நல்லது. பெரும்பாலான மென்பொருள்களில் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு வரலாற்றுப் பகுதி இருக்கும். அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களுக்கென்று தனிப் பட்டியலும் இருக்கும். ஓடூ மென்பொருளில் விலைப்பட்டியலின் பக்கவாட்டிலோ அடியிலோ உரையாடல்போல் நீளும் பகுதி அதுதான். பிரச்சினைக்குரிய அந்த ஒரே விலைப்பட்டியலைத் திறந்து, அறிவிப்பு அனுப்பியதற்கான வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், குற்றம் அதற்குப் பிறகு. இல்லையென்றால், அதற்கு முன்பு. தேட வேண்டிய இடம் அந்த ஒரு பார்வையிலேயே பாதியாகிவிடும்.

விதி ஓடவில்லை என்றால்

அனுப்பியதற்கான தடயமே இல்லை என்றால், அநேகமாக விதி ஓடியிருக்காது. இங்கேதான் பெரும்பாலான சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. ஆனால் பலர் கடைசியாகத்தான் இங்கே வருகிறார்கள்.

தானியங்கி விதி எழுதும்போது மென்பொருள் முதலில் கேட்கும் கேள்வி, இது எப்போது ஓட வேண்டும் என்பது. புதிய ஆவணம் உருவாக்கும்போதா, இருக்கும் ஆவணத்தைத் திருத்தும்போதா, இரண்டுக்குமா? பலர் "உருவாக்கும்போது" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் ஒரு விலைப்பட்டியல் முதலில் வரைவாகப் பிறக்கிறது. பிறகு அனுப்பப்படுகிறது. அதன் பிறகுதான் அதன் நிலை மாறுகிறது. நிராகரிப்பு என்பது பழைய ஆவணத்தில் ஏற்படும் திருத்தம். "உருவாக்கும்போது" மட்டும் விழித்துக்கொள்ளும் விதி, நிராகரிப்பு வரும்போது தூங்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் தவறில்லை, அதற்குச் சொன்னது அவ்வளவுதான்.

அடுத்தது நிபந்தனை. "நிலை இப்படி இருந்தால், கிளை இன்னதாக இருந்தால், தொகை 5,000க்கு மேல் இருந்தால்" என்று மூன்று நிபந்தனைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவசரத்தில் ஊழியர் கிளை என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டால், மற்ற இரண்டும் பொருந்தினாலும் விதி ஓடாது. திரையில் சிவப்பு எழுத்து எதுவும் வராது. இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது: தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வைத்த நிலைப் பெயரைப் பிறகு யாரோ "டித்தோலாக்" என்று மலாயில் மாற்றிவிடுவார்கள். விதி இன்னும் "ரிஜெக்டெட்" என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும். எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றப்படும் பதிவுகளுக்குச் சில மென்பொருள்கள் தானியங்கி விதிகளை ஓட்டுவதில்லை. ஏற்றும்போதே அதற்கான கட்டத்தைக் குறியிட வேண்டும். மாத இறுதியில் எக்செல் வழி ஏற்றும் பழக்கமுள்ள அலுவலகங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேதியை வைத்து ஓடும் விதிகளில் வேறு வகைக் கோளாறு. ஊழியர் சேமநிதிச் சந்தாவை மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்; "12ஆம் தேதி நினைவூட்டு" என்று வைத்திருப்பார்கள். பொதுமக்களுக்கு அன்றாடம் விற்கும் கடைகள் தங்கள் விற்பனையைத் தொகுத்து அனுப்பும் மின்-விலைப்பட்டியலுக்கு, மாதம் முடிந்த ஏழு நாள்தான் கெடு. இந்த நினைவூட்டல்கள் யாரும் பொத்தானை அழுத்தி ஓடுபவை அல்ல. குறித்த நேரத்தில் மென்பொருள் தானே விழித்து ஓட்டுபவை. இணையத்தில் இயங்கும் மென்பொருளில் இது நிறுவனத்தின் கணினியை நம்பி இருக்காது. ஆனால் அலுவலகக் கணினியிலேயே நிறுவிய மென்பொருள் என்றால், இரவு 2 மணிக்கு ஓட வேண்டிய வேலை, மாலை 6 மணிக்குச் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகத்தில் எப்படி ஓடும்? மின்கட்டணத்தை மிச்சம் பிடித்த கையே நினைவூட்டலையும் நிறுத்தியிருக்கும்.

கடிகாரக் குழப்பமும் உண்டு. பல மென்பொருள்கள் உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. மலேசியா அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. (தீபகற்பத்தில் முன்பு ஏழரை மணி நேர வித்தியாசம்தான் இருந்தது, 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா சரவாக்குடன் ஒன்றாக்கினார்கள்.) ஆகவே திங்கட்கிழமை காலை 7 மணிக்குப் பதியும் ஆவணம், நேர மண்டலம் சரியாக அமைக்கப்படாத மென்பொருளுக்கு ஞாயிறு இரவு 11 மணி ஆவணம். "இன்றைய ஆவணங்களைப் பட்டியலிட்டு அனுப்பு" என்ற விதி அதைத் தவறவிடும். விடிவதற்குள் லாரி கிளம்பும் தொழில்களில் இது அடிக்கடி இடறும். அமைப்புப் பகுதியில் கோலாலம்பூர் நேரம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

போனது, ஆனால் யாரிடம்?

வரலாற்றில் "அனுப்பப்பட்டது" என்று இருக்கிறது. அதே வரியில் யாருக்கு என்பதும் இருக்கும். அதைப் படித்தாலே பல நேரம் விடை கிடைத்துவிடும்.

தொடக்கத்தில் சொன்ன லாரி நிறுவனத்தில் நடந்திருக்கக்கூடியது இதுதான். மென்பொருள் வாங்கிய அன்று அலுவலகத்தில் இருந்த கிராணியின் பெயரையும் மின்னஞ்சலையும் போட்டு விதி எழுதினார்கள். அவர் கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு உள்நுழையக் கணக்கு கொடுத்தார்கள், கடவுச்சொல் கொடுத்தார்கள். விதியில் இருந்த பெயரை யாரும் தொடவில்லை. அறிவிப்பு ஒவ்வொன்றும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது, யாரும் திறக்காத ஒரு பெட்டிக்கு. மைஇன்வோய்ஸ் தளத்தில் பதிவு செய்த மின்னஞ்சலும் சில நிறுவனங்களில் இப்படி முன்னாள் ஊழியருடையதாகவோ கணக்காளருடையதாகவோ இருக்கும்.

விதியில் ஆளின் பெயரைப் போடாமல் பொறுப்பின் பெயரைப் போட வேண்டும். "கணக்குப் பிரிவு" என்று ஒரு குழு, அல்லது எல்லாரும் பார்க்கும் பொது மின்னஞ்சல். ஊழியர் விலகும்போது சாவி, பெட்ரோல் கார்டு திரும்ப வாங்கும் பட்டியலில் இதையும் சேர்த்துவிடலாம்.

பயனர் விருப்பம் என்று ஒன்றும் இருக்கிறது. ஓடூவில் ஒவ்வொரு பயனரும் தமக்கு வரும் அறிவிப்பை மின்னஞ்சலில் வாங்குவதா, மென்பொருளுக்குள்ளேயே வாங்குவதா என்று தேர்ந்தெடுக்கலாம். உள்ளேயே என்று வைத்துவிட்டால் மின்னஞ்சல் வெளியே வராது. தினமும் மென்பொருளைத் திறக்காதவருக்கு அது இருந்தும் இல்லாததுதான்.

சோதிக்கும்போது பலரை ஏமாற்றும் ஒரு விஷயம்: தாமே செய்த மாற்றத்துக்குத் தமக்கே அறிவிப்பு அனுப்புவதைப் பல மென்பொருள்கள் வேண்டுமென்றே தவிர்க்கின்றன. நீங்கள் செய்ததை உங்களிடமே சொல்வானேன் என்பது அதன் நியாயம். முதலாளி தம் கணக்கில் நுழைந்து, ஒரு விலைப்பட்டியலை மாற்றிப் பார்த்து, "பாருங்க, எனக்கு வரலை, இது கெட்டுப்போச்சு" என்று சொல்வார். ஒன்றும் கெட்டிருக்காது. சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மாற்ற, மற்றவர் காத்திருக்க.

கிளம்பாத மின்னஞ்சல்

சிறு நிறுவனங்களில் பலர் ஜிமெயில் கணக்கின் வழிதான் மென்பொருளிலிருந்து மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் சில கட்டுப்பாடுகள் உண்டு. வெறும் கடவுச்சொல்லை வேறு மென்பொருளில் போட்டு மின்னஞ்சல் அனுப்பும் வசதியைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே மாத இறுதியில் நிறுத்திவிட்டது. இப்போது இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள தனிச் செயலிக் கடவுச்சொல் எடுத்து, அதைத்தான் மென்பொருளில் போட வேண்டும். கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த படி: கூகுள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால், எடுத்து வைத்த செயலிக் கடவுச்சொற்களும் செல்லாமல் போகும். பாதுகாப்புக்காக யாரோ கடவுச்சொல்லை மாற்றுவார். அன்றிலிருந்து அறிவிப்புகள் நிற்கும். இரண்டையும் யாரும் சேர்த்து யோசிக்க மாட்டார்கள்.

சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. தீபாவளி வாழ்த்தை எல்லா வாடிக்கையாளருக்கும் மென்பொருள் வழியே தட்டிவிட்டால், அன்று அனுப்ப வேண்டிய உண்மையான அறிவிப்புகள் வரிசையில் நின்றுவிடக்கூடும்.

அனுப்பாமல் நின்ற மின்னஞ்சல்களின் பட்டியலில் மூன்று இலக்க எண் ஒன்று தெரியும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 4இல் தொடங்கினால் தற்காலிகச் சிக்கல். சிறிது நேரத்தில் மீண்டும் முயலும். 5இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. மனிதர் தலையிட்டால்தான் தீரும். 535 என்றால் கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. 550 என்றால் பெரும்பாலும் அந்த முகவரியே இல்லை அல்லது அந்தப் பக்கம் ஏற்க மறுக்கிறது. அந்த வரியை அப்படியே படம் பிடித்து அனுப்பினால் உதவிப் பிரிவில் இருப்பவரின் நேரமும் மிச்சம், உங்கள் நேரமும் மிச்சம்.

ஸ்பேமில் விழுவது ஏன்?

மின்னஞ்சல் கிளம்பிவிட்டது, ஆனால் பெற வேண்டியவரின் ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறது. "நான் இன்றைக்கு அதைத் திறந்து 'ஸ்பேம் இல்லை' என்று அழுத்திவிட்டேன்" என்பது அந்த ஒருவருக்கான தீர்வு மட்டும்தான்.

சொந்தப் பெயரில் இணைய முகவரி வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயரில் வேறு யாரும் மின்னஞ்சல் அனுப்பக்கூடாது என்பதற்காக மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. எஸ்பிஎஃப் என்பது, எங்கள் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற கணினிகள் இவை என்று நிறுவனம் தன் இணைய முகவரியின் பதிவில் எழுதி வைக்கும் பட்டியல். டிகேஐஎம் என்பது ஒவ்வொரு மின்னஞ்சலிலும் இடப்படும் மின்முத்திரை. வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும். டிமார்க் என்பது, இந்தச் சோதனைகளில் தேறாததை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்கு நிறுவனம் சொல்லி வைக்கும் கட்டளை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இவற்றைக் கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கின. நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும் என்றது ஜிமெயில். சிறிய அளவில் அனுப்புவோருக்கும் முதலிரண்டில் ஒன்றாவது கட்டாயம்.

நடைமுறையில் நடப்பது இது. நிறுவனம் பழைய மென்பொருளை விட்டுப் புதியதுக்கு மாறும். பட்டியலில் பழையதன் பெயர்தான் இருக்கும். புதிய மென்பொருள் அனுப்புவதெல்லாம் அனுமதி இல்லாத ஆள் அனுப்பியதுபோல் தெரியும். சரி செய்யப்போன ஒருவர், இருக்கும் எஸ்பிஎஃப் வரியில் சேர்க்காமல் இரண்டாவதாக ஒரு வரி போடுவார். ஓர் இணைய முகவரிக்கு ஓர் எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. முன்பு ஓரளவாவது போய்க்கொண்டிருந்ததும் அன்றோடு நின்றுவிடக்கூடும்.

பார்ப்பது எளிது. ஸ்பேமில் கிடக்கும் அந்த மின்னஞ்சலை ஜிமெயிலில் கணினி வழி திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் "ஷோ ஒரிஜினல்" என்பதை அழுத்தினால், மேலே இந்த மூன்றுக்கும் "பாஸ்" அல்லது "ஃபெயில்" என்று தெரியும். ஃபெயில் என்று இருந்தால், இணைய முகவரியைப் பராமரிப்பவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்தால் போதும்.

வாட்ஸ்அப்பும் கைப்பேசியும்

மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று பலர் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் வணிக மென்பொருளிலிருந்து அதிகாரபூர்வமாக வாட்ஸ்அப் அனுப்புவதில் ஒரு விதி இருக்கிறது. பெறுபவர் கடைசியாக உங்களுக்கு எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் விரும்பியதை எழுதி அனுப்பலாம். அதன் பிறகு, முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற மாதிரிச் செய்தியை மட்டுமே அனுப்ப முடியும். நேற்று வரை வந்த வாட்ஸ்அப் அறிவிப்பு இன்று வராமல் போவதற்கு இது பொதுவான காரணம். இதைச் சுற்றிக்கொண்டு போக, கியூஆர் குறியீட்டை ஒளிவருடி இணைக்கும் மலிவுச் செயலிகள் விற்கப்படுகின்றன. அவற்றால் எண்ணே முடக்கப்படலாம். வாடிக்கையாளர் எல்லாரிடமும் கொடுத்த எண்ணைப் பணயம் வைக்கும் வேலை அது.

கைப்பேசிச் செயலி வழி வரும் அறிவிப்பு என்றால், அண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலியும் அறிவிப்புக்குத் தனி அனுமதி கேட்கிறது; முதல் நாளே "வேண்டாம்" என்று அழுத்தியிருப்பார்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் அமைப்பு, பின்னணியில் ஓடும் செயலியை அடக்கிவிடும். இரண்டையும் அமைப்புகளில் மாற்றிவிடலாம்.

அமைப்புகளில் மாற்ற முடியாதது ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு அறுபது அறிவிப்பு வரும் கைப்பேசியில் அறுபத்தொன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. விடுப்பு விண்ணப்பம், டீசல் ரசீது, புதிய வாடிக்கையாளர், யாரோ பெயரைத் திருத்தினார் என்று எல்லாவற்றுக்கும் மணி அடித்தால், நிராகரிப்பு மணி அதில் கரைந்துவிடும். மென்பொருள் வாங்கிய ஆர்வத்தில் எல்லா அறிவிப்பையும் இயக்கிவிட்டு, ஒரு மாதத்தில் அந்தக் குழுவையே ஓசையடக்கி வைக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. பணமோ கெடுவோ சம்பந்தப்படாத அறிவிப்புகளை நாளுக்கு ஒரு தொகுப்பாக மாற்றிவிட்டு, நிராகரிப்பு, செல்லாதது ஆகிய இரண்டை மட்டும் உடனடியாக வைத்தாலே நிலைமை மாறும்.

உதவிப் பிரிவை அழைக்கும்போது

"நோட்டிபிகேஷன் வரலை, கொஞ்சம் பாருங்க" என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவர் "ஸ்பேம் பார்த்தீங்களா?" என்று கேட்பார். பேச்சு அங்கேயே சுற்றும். அதற்குப் பதிலாக எந்த விலைப்பட்டியல் எண், அதன் நிலை எந்த நாளில் எத்தனை மணிக்கு மாறியது, யாருக்கு எந்த வழியில் வந்திருக்க வேண்டும், வரலாற்றுப் பகுதியில் என்ன தெரிகிறது, கடைசியாக எப்போது சரியாக வந்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று எழுதி அனுப்ப வேண்டும். கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் திறவுகோல். ஆள் மாறினாரா, கடவுச்சொல் மாறியதா, மென்பொருள் பதிப்பு மாறியதா?

அழைக்கும்வரை மைஇன்வோய்ஸ் தளத்தை நேரடியாகத் திறந்து பார்ப்பதை விட்டுவிடக்கூடாது. மென்பொருள் அந்தத் தளத்தை இடையிடையே கேட்டுத்தான் நிலையைத் தெரிந்துகொள்கிறது. அந்த இணைப்பே முழுதாக அறுந்துவிட்டால் புதிய விலைப்பட்டியல்களும் போகாது. ஒரு மணி நேரத்தில் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். சத்தம் போட்டுக் கெட்டுப்போகும் கோளாறு அது. முன்னாள் ஊழியருக்குப் போகும் அறிவிப்பு, ஓடாத விதி போன்றவை சத்தமே போடுவதில்லை. அறிவிப்பு வராத நாளும் பிரச்சினை இல்லாத நாளும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பிரச்சினை வந்தால் மட்டும் சொல் என்று வைக்காமல், வேலை நாள் தோறும் காலையில் ஒரு செய்தி வரும்படி வைப்பது. நிராகரிப்புக் கோரிக்கை இத்தனை, செல்லாதது இத்தனை, 72 மணி நேரம் முடியப் போவது இத்தனை. எல்லாம் பூச்சியமாக இருந்தாலும் வர வேண்டும். வராத நாளன்றுதான் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் திட்டமிட்ட அறிக்கை என்ற வசதியில் இதை அமைத்துவிடலாம். சனிக்கிழமையும் யாராவது ஒருவர் அதைப் பார்ப்பது என்று பேசி வைத்துக்கொண்டால், வெள்ளி மாலையில் வரும் நிராகரிப்புக்கும் நேரம் மிஞ்சும்.

அந்த லாரி நிறுவனமும் இப்படி மாற்றிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். விதியில் இருந்த பழைய பெயர் எடுக்கப்பட்டு, பொது மின்னஞ்சல் போடப்பட்டது. ஆலைக்கு கிரெடிட் நோட் போனது. காலை எட்டரைக்கு "நிராகரிப்பு 0, செல்லாதது 0" என்ற செய்தி முதலாளிக்கும் கிராணிக்கும் சேர்ந்து வரத் தொடங்கியது. மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, மணி எட்டே முக்கால் ஆகியும் வரவில்லை.

"அண்ணே, இன்னைக்கு எட்டரைச் செய்தி வரல. மின்னஞ்சல் பாஸ்வேர்ட் யாராச்சும் மாத்துனீங்களா?"

"ராத்திரிதான்மா மாத்துனேன். ஏன்?"